சதுரங்கப்பட்டினமும் 1782ஆம் ஆண்டுக் கடற்போரும்



அக்டோபர் 7ஆம் நாள் செபமாலை அன்னையின் திருநாளன்று லெப்பாந்தோ கடற்போரைப் பற்றி மறையுரையில் கேட்டிருக்கிறோம். 1571இல் நடந்த அந்தப் போர், கிரேக்க நாட்டின் பழைய துறைமுக ஊர் ஒன்றின் பெயரால் வழங்குகிறது. அதேபோல் கடற்போர் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த ஊர் நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினம்தான் அது. ஐரோப்பியர் அதை 'சட்ராஸ்' என்றனர்.

14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னரின் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என வழங்கிய ஊர் இது. இங்கு நெய்த மெல்லிய துணிக்காக 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வந்தனர். அவர்களுடைய கோட்டையும், வேலைப்பாடு மிகுந்த கல்லறைக் கற்களும் இன்றும் உள்ளன. தாம்பரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ப் பார்த்து வரலாம். (மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவதுதான் நம் வழக்கம்!)

1782 பிப்ரவரி 17 அன்று இவ்வூருக்கு அப்பால் கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் மோதினர். ஆங்கிலேயரிடம் 9 போர்க்கப்பல்கள். பிரெஞ்சுக்காரரிடம் அதைவிட அதிகம். சுஃப்ரேன் மால்டா வீரத்துறவியர் சபையைச் சேர்ந்தவர். அச்சபையின் கப்பல்கள் லெப்பாந்தோவிலும் போரிட்டவை. ஆனால் இங்கே சண்டையிட்ட இரு தரப்பினரும் கிறிஸ்தவர்களே.

சண்டையின் வேர் அமெரிக்காவில் இருந்தது. அந்நாட்டின் விடுதலைப் போரில் பிரான்சு இங்கிலாந்தை எதிர்த்தது. டச்சுக்காரரும் அதில் இழுக்கப்பட்டனர். இங்கே ஐதர் அலி பிரெஞ்சுக்காரரின் நண்பர். அவருக்கு உதவப் படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல்களுக்குக் காவலாகவே சுஃப்ரேன் வந்திருந்தார்.

பிற்பகலில் தொடங்கிய சண்டையில் ஆங்கிலேயரின் 'சூப்பர்ப்', 'எக்சிட்டர்' ஆகிய கப்பல்கள் சிதைந்தன. இரண்டின் தலைவர்களும் மாண்டனர். சுஃப்ரேனின் கப்பல் தலைவர்கள் சிலரோ நெருங்கி வரவேயில்லை. காற்று திசை மாறியது, இருட்டியது, வெற்றி யாருக்கும் இல்லை. ஆங்கிலேயர் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குச் சென்றனர். பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கியது.

நம்மைப் பொறுத்தவரை கரையில் நடந்ததுதான் பெரிது. 1780இல் ஐதர் அலி படையெடுத்தது முதல் ஊர்கள் எரிந்தன, பயிர் அழிந்தது. பிழைக்க வழியின்றி மக்கள் சென்னைக்கு ஓடினர், அங்கும் பஞ்சம். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் எழுந்தது. அதன் வழியில் வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். போர் வரலாற்று நூல்களில் கப்பல்களின் பெயரும் பீரங்கிகளின் எண்ணிக்கையும் தவறாமல் இருக்கும்; இந்தக் கஞ்சித்தொட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஹியூஸும் சுஃப்ரேனும் மேலும் நான்கு முறை மோதினர். கடைசிச் சண்டை 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் நடந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாய் நகரில் முதற்கட்டச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அவ்வாண்டு ஜனவரி 20இல். ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. செய்தி நம் கரைக்கு வந்து சேர்ந்தபோது, கடலூர்ச் சண்டையில் இறந்தவர்களை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.