கத்தல் முதலில், அழுகை கடைசி வரை

பிஸ்கட் இரண்டாக உடைந்துவிட்டது. “ஒட்டிக் கொடு” என்கிறது குழந்தை. முடியாது என்றதும் ஒரு வீறிடல். பிறகு காலை உதைக்கிறது, தட்டைத் தள்ளுகிறது, தரையில் விழுந்து புரள்கிறது. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதில் அதிசயமில்லை. ஆனால் இந்த அமளிக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிரீனும் மைக்கேல் பொட்டேகலும் குழந்தைகளின் உடையில் கம்பியில்லா மைக்கைத் தைத்து, வீட்டில் அவர்கள் அடம்பிடிக்கும்போது எழும் சத்தங்களைப் பதிவுசெய்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் வீறிடலும் கத்தலும் கோபத்தின் பக்கம் சேர்ந்தன. சிணுங்கலும் அழுகையும் வருத்தத்தின் பக்கம் சேர்ந்தன.

அதற்கு முன்பே, 2003இல், பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையிலான 335 குழந்தைகளின் பெற்றோரிடம், அடம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை நடந்ததை வரிசையாக எழுதி வாங்கியிருந்தார்கள். கோபம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய், பிறகு இறங்குகிறது. வருத்தமோ அடம் நீள நீள மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. கத்தல் அடங்கிய பிறகுதான் அது நம் காதில் தனியாக விழுகிறது. நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. முதல் அரை நிமிடத்திலேயே காலைத் தரையில் ஓங்கி மிதித்த அல்லது தரையில் விழுந்த குழந்தைகளின் அடம் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்தது என்பது இன்னொரு வேடிக்கை.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது “ஏன் இப்படிப் பண்றே? அம்மா என்ன சொன்னேன்?” என்று கேட்பதில் பயனில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு, யோசித்து, பதில் சொல்ல வேண்டுமானால் மூளையின் முன்பகுதி வேலை செய்ய வேண்டும். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலாகும். குழந்தைக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அதிகம் பேசாமல் பக்கத்தில் இருப்பதே அந்தச் சில நிமிடங்களில் பெரியவர்களின் வேலை. கத்தல் சிணுங்கலாக மாறும்போது குழந்தை தானே மடியைத் தேடி வரும். “பிஸ்கட் உடைஞ்சிடுச்சுன்னு கோபம் வந்துச்சா?” என்று கேட்க அதுதான் நேரம். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் மூளையில் அமிக்டலா என்ற உணர்ச்சி மையத்தின் பரபரப்பு குறைவதை 2007இல் மேத்யூ லீபர்மேன் குழு காட்டியது. அது பெரியவர்களிடம் செய்த சோதனை. பேசப் பழகும் வயதுக் குழந்தைக்கோ அந்தப் பெயர்களையே நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

“தலையணையைக் குத்து, கோபம் போயிடும்” என்ற யோசனையைப் பலரும் சொல்கிறார்கள். 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் சோஃபி கயார்விக்கும் பிராட் புஷ்மேனும் வெளியிட்ட கட்டுரை அதை ஆதரிக்கவில்லை. உடலின் பரபரப்பைக் கூட்டும் செயல்கள் கோபத்தைத் தணிப்பதில்லை. குறைக்கும் செயல்களே தணிக்கின்றன. மெதுவாக மூச்சு விடுவது அவற்றில் ஒன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யெலெனா ஒப்ராடோவிச் குழு 342 சிறுவர் சிறுமியரிடம் சோதித்து, ஒரு நிமிட வீடியோவைப் பார்த்து மூச்சை இழுத்து விட்டவர்களின் உடல் பரபரப்பு குறைந்ததை 2021இல் பதிவுசெய்தது. பூவை முகர்வது போல இழுத்து, மெழுகுவத்தியை அணைப்பது போல ஊத வேண்டும். குழந்தை சிரித்து விளையாடும்போதே இதைப் பழக்கி வைக்க வேண்டும்; கோபத்தின் நடுவில் புதிதாக எதுவும் ஏறாது.

அடம் வராமலே தடுக்க வழி உண்டா? 1931இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், தாய்மார்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி 45 குழந்தைகளின் 1,878 கோப வெடிப்புகளை ஆராய்ந்தார். சாப்பாட்டு வேளை நெருங்கும்போதும், களைத்திருக்கும்போதும், உடம்பு சரியில்லாதபோதும் அவை கூடின. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் அடத்தை, அதன் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்வதற்கு முன் வயிற்றையும் தூக்கத்தையும் விசாரிப்பது நல்லது.

அழுகையை நிறுத்தச் செல்போனைக் கையில் கொடுப்பது அந்த நேரத்துக்கு உதவும். ஆனால் அடங்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அது எடுத்துக்கொள்கிறது.

எல்லா அடமும் வயதின் கோளாறல்ல. 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் 279 பேரைப் பற்றி ஆன்டி பெல்டன் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு சில அறிகுறிகளைக் குறித்தது: தன்னையே கடித்துக்கொள்வது, தலையை மோதிக்கொள்வது, பெரும்பாலான தடவைகளில் பெரியவர்களை அடிப்பது, சராசரியாக 25 நிமிடங்களுக்கு மேல் நீள்வது, தானாக அடங்க முடியாமல் போவது. இவை தொடர்ந்தால், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.