எங்க வீட்டு யானை!

“மைலேஜ் எவ்வளவு சார்?”

சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்காரர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். “சிட்டிக்குள்ள லிட்டருக்கு ஏழு” என்றதும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள்... ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர் முகம்!

என்னுடையது 1996 மாடல் கான்டஸா கிளாசிக். இளவட்டங்களுக்காக ஒரு சின்ன வம்சாவளி: 1970-களில் இங்கிலாந்தில் ஓடிய வாக்ஸ்ஹால் காரின் அச்சு இது. 1980-களில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் அம்பாஸடரின் 1.5 லிட்டர் இன்ஜின். பயில்வான் உடம்புக்குள் பள்ளிக்கூடப் பையன் நுரையீரல்! ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜின் வந்த பிறகுதான் நடையில் கம்பீரம் வந்தது. மந்திரி, சினிமா தயாரிப்பாளர், சினிமாவில் வில்லன் எல்லாரும் இறங்கிய கார். 2002-ல் உற்பத்தி நின்றது. 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையையே மூடியாச்சு.

ஆபீஸில் ஒரு தம்பி, “சார், பழைய பென்ஸ் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கட்டுமா?” என்றான்.

“தாராளமா வாங்கு. ஆனா காருக்குத்தாம்ப்பா விலை இறங்கும், ஸ்பேருக்கு இறங்காது.”

என் கஷ்டம் வேறு தினுசு. ஸ்பேரே கிடையாது! ஒரு கதவுக் கைப்பிடிக்காகப் புதுப்பேட்டையில் நாலு சனிக்கிழமை அலைந்தேன். கடைசியில் கிடைத்தது, உடைக்க வந்த வண்டியிலிருந்து. கலர் வேறு. பரவாயில்லை, கதவு திறக்கிறது.

பழைய காரில் முதலில் சாவது இரும்பு இல்லை, ரப்பர். ரேடியேட்டர் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், கண்ணாடி பீடிங் எல்லாம் ஓடினாலும் கெடும், சும்மா நின்றாலும் கெடும். போதாக்குறைக்கு, 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனால் பழைய ரப்பர் டியூபை ஊற வைக்கும். ஈரத்தை இழுத்து டேங்க்கில் துரு ஏற்றும். இன்ஜின் பக்கம் பெட்ரோல் கசிந்தால் விளையாட்டில்லை, வண்டியே எரிந்துவிடும். டியூபை மொத்தமாக மாற்றியாச்சு.

அடுத்து சர்க்கார். 2021-ல் ஆர்.சி. புதுப்பித்தபோது ஃபீஸ் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000. 2025 ஆகஸ்டில், இருபது வயசு தாண்டிய கார்களுக்கு 10,000! “அந்தக் காசுல ஒரு கிரைண்டர் வாங்கலாம்” என்கிறாள் மனைவி. நியாயம்தான். ஆனால் கிரைண்டரில் மகாபலிபுரம் போக முடியுமோ?

இதையெல்லாம்கூட சமாளிப்பேன். பயம் வேறு இடத்தில். என் மெக்கானிக் பாய்க்கு வயசு எழுபத்திரண்டு. பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து “மூணாவது பிளக்” என்பார். அவர் மகனும் மெக்கானிக்தான், கெட்டிக்காரப் பையன். லேப்டாப்பை மாட்டி ரிப்பேர் கண்டுபிடிப்பான். என் வண்டியில் அதை எங்கே மாட்டுவது? சிகரெட் லைட்டரிலா?

போன மாசம் பாய்க்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன். கட்டோடு வந்து, “இனிமே கையெல்லாம் நடுங்குது சார். நீங்களே கத்துக்குங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷெட்டில் ஆஜர். இதுவரை கார்புரேட்டர் பிரித்து மாட்ட, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் கேப் வைக்கத் தெரியும். கிளட்ச் பாக்கி. பாய்க்கு இன்னொரு கண் ஆபரேஷன் தை மாசம் வைத்திருக்கிறார்கள்.