கடற்பாசியைச் செரிப்பது மீனா, மீனின் குடலில் வாழும் பற்றீரியாவா?

ஓரா மீன் வெட்டிக் கழுவியவர்களுக்குத் தெரியும், அதன் நீண்ட குடல் முழுவதும் கரும்பச்சைப் பாசிதான். முள்ளுக் குத்தாமல் எடுத்து எறிந்துவிடுவோம். எங்கள் குடலால் பெரும்பாலும் செய்ய முடியாத ஒரு வேலை அங்கே நடக்கிறது.

அச்சுவேலிக்கு வடக்கே உள்ளது வளலாய்க் கரை. 1990 இடப்பெயர்வுக்குப் பின் மக்கள் நெடுங்காலம் கால்வைக்க முடியாதிருந்த அந்தப் பகுதியில் 2015 மார்ச்சில்தான் ஒரு தொகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டன. வடபகுதிக் கரைகளில் ஒதுங்கும் சாதாளையைத் தோட்டக்காரர் பசளையாகத் தாழ்ப்பது பழைய வழக்கம். சாதாளையில் பெரும்பங்கு கடற்புல், அது பூக்கும் தாவரம். கடற்பாசி வேறு இனம். அதன் உடல் கட்டப்பட்டிருக்கும் பொருளும் வேறு.

சோற்றிலுள்ள மாப்பொருளை எமது நொதியங்கள் எளிதில் உடைக்கும். செம்பாசியின் ஏகார், கராஜீனன், பழுப்புப் பாசியின் அல்ஜினேற்று ஆகியவையும் வெல்லச் சங்கிலிகள்தான். ஆனால் அவற்றின் பிணைப்பு வேறு. கராஜீனனில் சல்பேற்றும் ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டும் நொதியம் மனித உடலில் சுரப்பதில்லை. நோன்புக் காலக் கடற்பாசி இனிப்பில் சக்தி கிடைப்பது சீனியிலிருந்தும் பாலிலிருந்தும்தான், பாசியிலிருந்து அல்ல.

பாசி தின்னும் பல கடல் விலங்குகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. (கடல் முயல் போன்ற சில, அல்ஜினேற்றை வெட்டும் நொதியத்தைத் தாமே சுரக்கின்றன.) மற்றவற்றின் பின்குடலில், ஒட்சிசன் இல்லாத இடத்தில், பற்றீரியாக்கள் சங்கிலிகளை வெட்டி நொதிக்கச் செய்து, அசற்றேற்று போன்ற சிறிய கொழுப்பமிலங்களை வெளிவிடுகின்றன. விலங்கு உறிஞ்சுவது அவற்றைத்தான். மாட்டின் வயிற்றில் வைக்கோலுக்கு நடப்பதும் இதுவே. கடற்புல் மேயும் பச்சை ஆமையின் அன்றாடச் சக்தியில் ஏறத்தாழ 15 சதவீதம் இவ்வழியில் வருவதாக 1979இல் வெளியான ஆய்வு கணித்தது.

மனிதரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. செம்பாசியின் போர்பிரான் என்னும் சங்கிலியை வெட்டும் மரபணு யப்பானியர் சிலரின் குடற் பற்றீரியாவில் இருப்பதை 2010இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. அது கடற் பற்றீரியாவிலிருந்து வந்த மரபணு. உணவாக உண்ட பாசியோடு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

எமக்கு இதில் வயிற்றுப்பாடும் உண்டு. போரில் தொழில் இழந்த வடக்குக் கரையோரக் குடும்பங்கள் சில, கிளிநொச்சி வலைப்பாடு போன்ற இடங்களில் கப்பாபைக்கஸ் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கின்றன. கராஜீனனுக்காகவே அதற்கு விலை. எங்களால் செரிக்க முடியாத அந்தப் பாசி ஓராவுக்கும் ஆமைக்கும் நல்ல தீன். இளம் ஓராக் கூட்டம் வந்தால் தளிர் நுனிகளை முதலில் கொறித்துவிடும். பிலிப்பைன்ஸ் பாசிப் பண்ணைகளிலும் இதே தொல்லை உண்டு. ஓராக் குஞ்சு எந்த மாதத்தில் எந்தக் கரைக்கு வரும் என்பது எங்கள் கடற்றொழிலாளருக்குத் தெரியும். பாசி கட்டும் இடத்தைத் தீர்மானிக்க முன்னர் அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.