மிஷினுக்கு எழுதறோம், பிள்ளைக்கு எழுதறோமா?



வீட்டுப்பாடம்னா பிள்ளை முரண்டு பிடிக்குதே, காரணம் வீடா, பள்ளிக்கூடமா? வீடுதான்னு பேச வந்திருக்கேன். அடிக்க வராதீங்க, என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்!

1998-ல இந்த இருங்காட்டுக்கோட்டையில கார் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஒரகடம் வரைக்கும் ஷிப்ட்தான் வாழ்க்கை. ஷிப்ட் முடிச்சுப் போறவர் சும்மா போறாரா? 'இந்த மிஷின் இங்க நிக்குது, இதுவரைக்கும் பார்த்திருக்கேன்'னு அடுத்தவருக்குச் சொல்லிட்டுத்தானே போறார்? பிள்ளைக்குப் பகல் ஷிப்ட் டீச்சர். ராத்திரி ஷிப்ட் நாம. நாம என்ன எழுதி அனுப்பறோம்? டைரியில ஒரு கையெழுத்து. அதுவும் படிக்காமலே! (சிரிப்பு)

என் மகன் மூணாவது படிச்சப்போ, கணக்கு நோட்டை எடுத்தாலே வயித்து வலி. அதட்டினேன், கெஞ்சினேன், கடைசியில நானே போட்டுக் கொடுத்தேன். 'நன்று'ன்னு வந்தது. எனக்கு! (சிரிப்பு) அவனுக்குப் புரியலைங்கிற சேதியையே நான் மறைச்சுட்டேன்.

அடுத்த நாள் டைரியில மூணே வரி எழுதினேன்: 'முக்கால் மணி நேரம் உட்கார்ந்தான். மூணு கணக்குப் போட்டான். நூறிலிருந்து முப்பத்தேழைக் கழிக்கச் சொன்னால் அழுகிறான்.' புகார் இல்லை, சாக்கு இல்லை. டீச்சர் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. 'சைபர்கிட்ட ஒண்ணுமே இல்லையே மிஸ், அதுகிட்ட எப்படிக் கடன் வாங்கறது?'ன்னானாம். நியாயமான கேள்வி! குச்சிக் கட்டுகளைப் பிரிச்சுக் காட்டிப் புரிய வச்சாங்க. 'இந்த வாரம் தினம் நாலு கணக்குப் போதும்'னு பதிலும் எழுதினாங்க. அவன் ராமானுஜன் ஆகலை. வயித்து வலி போச்சு!

பள்ளிக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கு. பெற்றோரை முறையா சந்திச்சு, பிள்ளையோட வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் இதையெல்லாம் சொல்றது ஆசிரியர் கடமைன்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. 2018-ல சென்னை உயர் நீதிமன்றம், சி.பி.எஸ்.இ. பள்ளிகள்ல ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னது.

ஆனா, ராத்திரி எட்டு மணிக்கு உங்க பிள்ளை எந்தக் கணக்குல நிக்குதுன்னு டீச்சருக்கு எப்படிங்க தெரியும்? பார்த்தவங்க நாமதானே! எழுத வராதவங்க வாயால சொல்லுங்க. எவ்வளவு நேரம் உட்கார்ந்தது, எங்கே நின்னது, இந்த ரெண்டு போதும். பிள்ளையை நிக்க வச்சு, 'இவன் உருப்பட மாட்டான் டீச்சர்'னு மட்டும் சொல்லாதீங்க.

சேதி சொல்ல வேண்டியது வீடே! வீடே! (கைதட்டல்)