வாரம் அரைக் கிலோ நெஞ்சுக்கறி, மாசம் 1,500 ரூபாய் ஆர்டி: ஒரு கம்பைநல்லூர் டிபன் பாக்ஸ் கணக்கு

கம்பைநல்லூர்ல இருந்து தர்மபுரிக்கு தினமும் பஸ்ல வேலைக்குப் போறவங்களுக்கு மதியச் சாப்பாடுதான் பெரிய ஓட்டை. என் கணக்கு நோட்டைப் பார்த்தப்போ ஒரு நாளைக்கு 110 ரூபாய். ஆறு நாளைக்கு 660. அதுல பாதிக்கு மேல சோறு, ஒரு கரண்டி சாம்பார். புரதம்னு தேடினா அப்பளம்தான் கிடைக்கும்!

ஐசிஎம்ஆர் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேணும். 60 கிலோ ஆளுக்கு சுமார் 50 கிராம். எலும்பில்லாத நெஞ்சுக்கறி 100 கிராம்ல (பச்சையா எடை போட்டா) 22 கிராம் கிட்ட இருக்கு. அரைக் கிலோவை மூணு பாக்ஸாப் பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் 36, 37 கிராம் வந்துடும்.

ஏன் மூணு? எங்க வீட்ல செவ்வாய், வெள்ளி, சனி கவிச்சி கிடையாது. அந்த மூணு நாளும் முளைகட்டின கொள்ளு, வேர்க்கடலை சுண்டல், ஒரு கப் தயிர். புரதம் 20 கிராம் தேறும், செலவும் கம்மி.

செய்முறை பெருசா ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை கறியில உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு, ரெண்டு ஸ்பூன் தயிர் பிசறி, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி போட்டு வேக வைங்க. உள்ளே சிவப்பு தெரியக்கூடாது. ஆறினதும் உதிர்த்து, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குள்ள போயிடணும்.

முதல் வாரம் நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன். வெள்ளரிக்காய், வெங்காயம், தயிர் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கீழ்த்தட்டுலயே வச்சுட்டேன். புதன்கிழமையே தண்ணி விட்டுருச்சு. வியாழக்கிழமை மூடியைத் திறந்ததுமே வாடை. கொட்டிட்டு, ஹோட்டலுக்கும் காசு கொடுத்தேன். ரெட்டை நஷ்டம்! சமைச்ச கறி ஃபிரிட்ஜ்ல மூணு, நாலு நாள்தான் தாங்கும். இப்போ வியாழன் பாக்ஸ் ஃப்ரீசருக்குப் போகுது, புதன் ராத்திரி கீழே இறக்கிடுவேன். காய் அன்னன்னைக்கு காலையில நறுக்கறதுதான்.

மயோனைஸ் வேண்டாங்க. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்கு தமிழ்நாடு அரசே தடை போட்டுச்சு. தண்ணி வடிச்ச கெட்டித் தயிர், எலுமிச்சை, மிளகுத்தூள் போதும். சாப்பிடும்போது கலந்துக்கலாம். நம்ம ஊர் சித்திரை வெயில்ல பாக்ஸை பஸ்லயும் மேஜையிலயும் மதியம் வரை சும்மா வச்சிருக்கக்கூடாது. ஆபீஸ்ல ஃபிரிட்ஜ் இல்லன்னா, உறைய வச்ச தண்ணி பாட்டிலோட சூடு தாங்கற பைக்குள்ள வைங்க. அதுவும் முடியலன்னா கோடையில சுண்டலே போதும், கோழியை ராத்திரிக்கு மாத்திக்கோங்க.

இப்போ காசு. கறி 160, காய், தயிர் 70, கொள்ளு, கடலை, மத்தது 50. மொத்தம் 280. (கோழி விலை வாராவாரம் மாறும், உங்க கடை விலையைப் போட்டுக்கோங்க.) மிச்சம் வாரம் 380, நாலு வாரத்துக்கு 1,520.

இதை சும்மா விட்டா டீக்கடையில கரைஞ்சிடும். சம்பளம் வந்த அன்னைக்கே தபால் ஆபீஸ் ஆர்டில 1,500 போட்டுடறேன். 6.7% வட்டிக்கு அஞ்சு வருஷத்துல நாம போடறது 90,000, கையில வர்றது சுமார் 1,07,000. வட்டிக்கு வரிக் கணக்கு உண்டு, அதைத் தனி வீடியோல பார்ப்போம்.

கறிக்கடைக்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்னாடியே போயிடுங்க. கூட்டம் வந்துட்டா, நெஞ்சுக்கறி மட்டும் தனியாக் கேட்டா கடைக்காரர் முறைப்பார்!