பன்னிரண்டுக்குப் பத்து

உடற்கல்வி ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு மழைநாளில், கனகசெட்டிக்குளத்தில் எங்கள் எட்டாம் வகுப்பைக் கணக்கு ஆசிரியையான நான் பார்த்துக்கொண்டேன். டென்னிஸ் விதிகளைச் சொல்லிவிட்டு, ஒரு பழைய இறுதியாட்ட முடிவைக் கரும்பலகையில் எழுதினேன்: 6–0, 12–10.

"ஆறு கேம் எடுத்தா செட்டுன்னு சொன்னீங்களே டீச்சர், பன்னிரண்டு எப்படி?" என்றாள் ஒரு மாணவி.

ஆறு மட்டும் போதாது. இரண்டு கேம் முன்னிலையும் வேண்டும். இன்று 6–6 ஆனால் டை-பிரேக் உண்டு. பெரிய போட்டிகளுக்கு அது 1970-இல்தான் வந்தது. நான் எழுதியது 1956-இல் பாரிசில் நடந்த ஆட்டம். புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி போய் இரண்டாண்டு கூட ஆகவில்லை. ஏஞ்சலா மார்ட்டிமரை வென்றவர் அமெரிக்காவின் ஆல்தியா கிப்சன். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதற்குச் சற்று முன்புதான் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடிவிட்டுப் போயிருந்தார்.

"எவ்ளோ பணம் குடுத்தாங்க?"

எதுவும் இல்லை. அன்றைய பெரிய போட்டிகள் அமெச்சூர்களுக்கு மட்டுமே, அதாவது ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களுக்கு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற விதி என்பேன். கிப்சன் நியூயார்க்கின் ஹார்லெமில் வறுமையில் வளர்ந்தவர். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டனை வென்றும் கையில் காசில்லை. 1958-இலேயே அமெச்சூர் ஆட்டத்தை விட்டார்.

1968-இல் விம்பிள்டன் பணம் தரத் தொடங்கியது. ஆண்கள் ஒற்றையரில் வென்றவருக்கு 2,000 பவுண்டு, பெண்கள் ஒற்றையரில் 750. சுருக்கிப் பின்னமாக எழுதச் சொன்னேன். 3/8 என்று எல்லோரும் சரியாகவே எழுதினார்கள்.

"எப்போ டீச்சர் ஒன்னாச்சு?"

"2007."

1968-ஐக் கழித்துப் பார்க்கத் தொடங்கினாள் முன்வரிசைப் பெண்.