படகில் ஏறுமுன் பிள்ளைகளைக் காப்போம்

விடுமுறை வந்துவிட்டால் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து, பஸ்ஸையோ வேனையோ வாடகைக்கு அமர்த்திக்கொண்டு உல்லாசப் பயணம் புறப்படுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பங்கோர், லங்காவி, பெர்ஹெந்தியான் ஆகிய தீவுகளுக்கும், திரெங்கானுவிலுள்ள கென்யிர் ஏரிக்கும் செல்வோர் பலர். அங்கெல்லாம் பிள்ளைகளின் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது மோட்டார் படகுச் சவாரியே. உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளை மகிழ்விக்க விரும்பும் பெற்றோரின் ஆவல் போற்றத்தக்கது. ஆனால், அம்மகிழ்ச்சிக்குக் காவலாக அமைய வேண்டிய சில ஏற்பாடுகளைப் பலர் படகு புறப்பட்ட பிறகே எண்ணிப் பார்க்கின்றனர்.

2025ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் இரவு, பெர்ஹெந்தியான் தீவுக்கு அருகில் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் குழந்தைகள். விடுமுறையைக் கழிக்கச் சென்ற ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த இத்துயரம், பிள்ளைகளுடன் படகேறும் ஒவ்வொரு பெற்றோரையும் சிந்திக்க வைக்க வேண்டும்.

அங்கி உடலில் இருக்க வேண்டும்

படகுப் பயணத்தில் உயிரைக் காப்பதில் முதலிடம் பெறுவது உயிர்காப்பு அங்கி. “படகில் அங்கி இருக்கிறது” என்று கேட்டுத் திருப்தியடைவோர் பலர். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைக்கப்பட்ட அங்கியால் யாதொரு பயனும் இல்லை. படகு கவிழ்வது சில நொடிகளில் நிகழ்ந்துவிடும். அலையில் தத்தளிக்கும் பெரியவரே அங்கியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வது அரிது. குழந்தையால் அது இயலவே இயலாது.

அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கு இவ்வுண்மையை விளக்குகிறது. அந்நாட்டில் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தோருள் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அவ்வாறு மூழ்கியவர்களுள் நூற்றுக்கு 87 பேர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

“என் மகன் ஆற்றில் நன்றாக நீந்துவான்” என்று சிலர் கூறுவதுண்டு. தோட்டத்து ஆற்றில் நீந்துவது வேறு. கரை கண்ணுக்கெட்டாத கடலில், அலையும் அச்சமும் ஒருசேரத் தாக்கும்போது நீந்துவது வேறு. படகிலிருந்து விழும்போது தலையில் அடிபட்டால், நீச்சல் கற்றவனும் செயலற்றுப் போவான்.

அளவு பார்த்து அணிவித்தல்

பெரியவர்களின் அங்கியைக் குழந்தைக்கு மாட்டிவிடுவது பெருந்தவறு. நீரில் விழுந்தவுடன் அங்கி மேலெழும்ப, குழந்தை அதனுள்ளிருந்து கீழே நழுவிவிடும். எந்த எடையுள்ளவருக்கு உரியது என்பது அங்கியின் உட்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பிள்ளையின் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கி பொருந்துகிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வார்களை இறுக்கிய பின், பிள்ளையின் இரு கைகளையும் மேலே உயர்த்தச் சொல்லுங்கள். பிறகு அங்கியின் தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது முகவாய்க்கும் காதுக்கும் ஏறினால் அளவு பெரிது என்று பொருள். சிறு குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே மாட்டும் வாரும், தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும் உள்ள அங்கியே ஏற்றது.

காற்றடைத்த கைவளையங்களும் டயர்ட் டியூப்களும் விளையாட்டுப் பொருள்களே. அவை அங்கிக்கு ஈடாகா. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று கருதுவதும் தவறு. படகு ஓர் அலையில் மோதித் துள்ளும்போது தாயின் பிடி தளர்ந்துவிடும். குழந்தைக்குப் பொருந்தும் அங்கி கிடைக்காவிடில், அக்குழந்தையுடன் ஒருவர் கரையில் தங்கிவிடுவதே அறிவுடைமை.

விசிறியும் புகையும்

படகின் பின்புறத்தில் நீருக்குள் சுழலும் விசிறியின் இறக்கைகள் கத்தியைப் போன்றவை. வேகத்தின்போது அவை நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும். ஆகவே, பிள்ளைகள் படகின் முன்முனையில் கால்களைத் தொங்கவிட்டு அமரக்கூடாது. அங்கிருந்து விழும் பிள்ளையின் மேலேயே படகு ஏறிச் செல்லும். குளிப்பதற்காகப் படகை நிறுத்தும்போது, இயந்திரம் முற்றிலும் அணைக்கப்பட்டு, விசிறி நின்ற பின்னரே எவரும் நீரில் இறங்கவோ ஏறவோ வேண்டும்.

படகோட்டியின் உடலோடு இணைக்கும் கயிறு ஒன்று பல இயந்திரங்களில் உண்டு. அவர் தவறி விழுந்தால் கயிறு விடுபட்டு இயந்திரம் தானே நின்றுவிடும். அதை மாட்டிக்கொள்ளாத படகோட்டி விழுந்துவிட்டால், ஆளில்லாப் படகு தன்போக்கில் ஓடி, நீரில் இருப்போரையே தாக்கக்கூடும்.

இயந்திரப் புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு வாயு நிறமும் மணமும் அற்றது. பின்புறத்தில் இயந்திரத்தின் அருகே நெடுநேரம் இருக்கும் பிள்ளைக்குத் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் உண்டாகலாம். அதைக் கடல்மயக்கம் என்று எண்ணிவிடாமல், உடனே நல்ல காற்றுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

காலமும் இடமும்

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால் கடல் கொந்தளிக்கும். டிசம்பரில் விடுமுறை கிடைத்துவிட்டது என்பதற்காக அக்கடலில் பிள்ளைகளுடன் படகேறுதல் ஆகாது. மலாக்கா நீரிணையில் விடியற்காலையில் திடீரென வீசும் ‘சுமத்ரா’ புயற்காற்றும் அபாயமானதே. கென்யிர் ஏரியோ 1985இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையால் உருவானது. காடு மூழ்கிய இடமாதலால், நீருக்கடியில் பட்டமரங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கு வேகமாகச் செல்வதும், இருட்டில் செல்வதும், கண்ட இடத்தில் பிள்ளைகள் குதிப்பதும் ஆபத்து.

கேட்கத் தயங்காதீர்

நம்மவர் பலரிடம் ஒரு தயக்கம் உண்டு. பணம் கட்டியாகிவிட்டது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், படகோட்டி என்ன நினைப்பாரோ என்று வாய்மூடி ஏறிவிடுகின்றனர். இத்தயக்கம் உயிரையே விலையாகக் கேட்கக்கூடியது. இப்படகில் எத்தனை பேரை ஏற்ற அனுமதி உண்டு, பிள்ளைகளுக்குரிய அங்கி உண்டா, இன்றைய வானிலை எப்படி என்று மூன்று கேள்விகளையாவது படகுத்துறையிலேயே கேட்டுவிடுங்கள். ‘ஜாக்கெட் கெசெலாமாத்தான் புடாக்’ வேண்டுமென்று மலாயில் கேட்டாலே படகோட்டிக்கு விளங்கிவிடும். நல்ல படகோட்டி இதைக் குறையாகக் கொள்ளமாட்டார். விடை சரியில்லையெனில், அப்படகில் ஏறாதீர். போன பணம் பிறகு வரும்.

படகில் ஏறிய பின், ஒவ்வொரு சிறுபிள்ளைக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாளியாக்குங்கள். படம் எடுப்பதையும் கைப்பேசியையும் அவர் ஒதுக்கிவைக்க வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, ஓசையின்றியே அமிழ்ந்துவிடும்.

விழுந்துவிட்டால்

பிள்ளை நீரில் விழுந்தால் உரக்கக் கூவி, ஒருவர் கண்ணை எடுக்காமல் அவ்விடத்தைச் சுட்டிக்காட்டியவாறு இருக்க வேண்டும். மிதக்கும் பொருளை உடனே வீசுங்கள். படகு பிள்ளையை நெருங்கியதும் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். படகு கவிழ்ந்தால், கரையை நோக்கி நீந்தாமல், மிதக்கும் படகையே எல்லாரும் பற்றிக்கொண்டிருத்தல் நலம். தொலைபேசி கிடைத்தவுடன் 999 எண்ணை அழையுங்கள்.

மீட்ட பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம்மிடையே உள்ள பழைய பழக்கங்கள். அவை தீங்கே விளைவிக்கும். மூச்சு நின்றிருந்தால், தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, வாயோடு வாய்வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். மூச்சு திரும்பினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது அவசியம். இம்முதலுதவியைத் தோட்டத்து இளைஞர்கள் முறையாகக் கற்றுவைத்திருப்பது எல்லாருக்கும் பயன் தரும்.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பர் பெரியோர். கடலில் அணைபோடும் இடம் படகுத்துறையே. அங்கே பத்து நிமிடம் செலவிட்டு, பிள்ளையின் அங்கியை இறுக்கி மாட்டிய பிறகு படகில் கால் வையுங்கள்.